சடையன் சாகிற காட்சி

2025 ஆகஸ்ட் 13, புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, கள்ளக்குறிச்சி மாவட்டம் வடக்கனந்தலுக்கும் கல்வராயன் மலையடிவாரத்துக்கும் இடையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ‘தேன்பாறைத் தோழன்’ என்ற பழைய திரைப்படம் திரையிடப்பட்டது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பெற்றோர் தரப்பில் ஒருவர் மட்டும் வந்திருந்தார்.

அவர் பெயர் மாயவன். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மலைச் சிற்றூரில் மரவள்ளியும் சாமையும் போடுகிறவர். காலையிலேயே பஸ் பிடித்து இறங்கி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, தலைமையாசிரியர் அறையிலிருந்து எடுத்துப் போட்ட நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தில் தாமும் இருப்பதாக முப்பது வருஷத்துக்கும் மேலாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் படத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

1994இல் சினிமாக்காரர்கள் மலைக்கு வந்தபோது மாயவனுக்குப் பதினொரு வயது. சமவெளிப் பண்ணையார் வீட்டுப் பையன் ராஜாவுக்கும் மலைப்பையன் சடையனுக்கும் உள்ள சிநேகிதம்தான் கதை. சடையனாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு பையனை அழைத்து வந்திருந்தார்கள். அவன் வெள்ளைவெளேர் என்று இருந்தான். பாறையைப் பார்த்தாலே அழுதான். அதனால் பாறை ஏறவும் ஓடையில் குதிக்கவும் உள்ளூர்ப் பையன் ஒருவன் வேண்டியிருந்தது. மாயவனைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்துக் காக்கி டவுசரைக் கழற்றச் சொல்லிக் கோவணம் கட்டிவிட்டார்கள்.

சென்னைப் பையனுக்கு மலைநிறம் வரவேண்டும் என்று எண்ணெயில் எதையோ குழைத்து உடம்பு முழுக்கக் கருப்பாகப் பூசியிருந்தார்கள். பூசி முடித்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் மாயவன் அவனைவிட வெளுப்பாக இருந்தார். எனவே மாயவனுக்கும் அதே மையைப் பூசினார்கள்.

“மலைக்காரன மலைக்காரனாட்டம் காட்டறதுக்கே அரை மணி நேரம் புடிச்சுதுன்னா பாத்துக்கயேன்” என்று இதை எப்போது சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

படம் கள்ளக்குறிச்சிக் கொட்டகையில் ஓடிய வாரம் அவர்கள் குடும்பத்தோடு குடகில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எந்த டிவியிலும் அவர் கண்ணில் அது படவில்லை. படத்தைவிட அவர் மனத்தில் நின்றது வேறொன்று. படப்பிடிப்பு முடியும் வரை கேமராக்காரரும் மேக்கப்காரரும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். ‘தம்பி’ என்று கூப்பிட்டார்கள். அதற்கு முன்பு மலைக்குக் கீழே இருந்து வந்த எவரும் அவரோடு அப்படி உட்கார்ந்ததில்லை. கீழே உள்ளவர்களோடு பழகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் விழுந்தது.

ஆகவே மகள் எழில்மதி எட்டாவது முடித்ததும், அதற்கு மேல் அவர்கள் ஊரில் வகுப்பு இல்லாதபோது, மலைமேலேயே இருந்த உண்டு உறைவிடப் பள்ளியை அவர் யோசிக்கவே இல்லை. கீழே கொண்டுபோய்ச் சேர்த்து, விடுதியில் விட்டார். அவர் வம்சத்தில் பத்தாவது தேறிய பெண் கிடையாது. முதல் இரண்டு வாரம் எழில்மதி போன் போட்டு அழுதுகொண்டே இருந்தாள். வகுப்பில் அவளுக்குப் பெயர் இல்லை; “ஏ மலை, தள்ளிக் குந்து” என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்றாம் வாரம் அழுகை நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செந்தமிழ்ச்செல்வி ஒரு பையனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, “இவ பேரு எழிலு. இன்னொரு வாட்டி மலைன்னு சொன்னே, உங்கப்பன் எங்க கொல்லைக்குக் கரும்பு வெட்ட வருவான் இல்ல, அப்ப சொல்லிக்குடுக்கறேன் பாரு” என்று மிரட்டியிருந்தாள். செல்வியின் அப்பா வெங்கடேசனுக்கு நிறைய நஞ்சை. பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அன்றிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே டிபன் டப்பாவில் தின்றார்கள். எழில்மதி அந்தப் பள்ளியில் நிலைத்தது செல்வி ஒருத்தியால்தான். இது மாயவனுக்கும் தெரியும்.

ஜூலை மாதப் பெற்றோர் கூட்டத்தில் தமிழாசிரியை நிர்மலா, மாதாமாதம் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுவதைப் பற்றிப் பேசினார். மாயவன் எழுந்து தம் கதையைச் சொன்னார். டீச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு. “நம்ம மலையில எடுத்த படம், நம்ம புள்ளையோட அப்பா, கருத்தும் நல்ல கருத்து” என்று சொல்லி, இணையத்தில் தேடிப் பிடித்துவிட்டார்.

படம் தொடங்கியது. புதருக்குப் பின்னாலிருந்து சடையன் எட்டிப் பார்த்து, “சாமீ… பட்டணத்துச் சாமீ…” என்று ராகம் போட்டான். அறை முழுக்கச் சிரித்தது. மாயவனும் சிரித்தார். சடையன் கண்ணாடியில் முகம் பார்த்து அலறி ஓடினான்; ரேடியோவுக்குள் ஆள் இருக்கிறானா என்று தட்டிப் பார்த்தான்; ராஜாவின் நாயைக்கூட ‘சாமீ’ என்றான். ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலையில் யாரும் அப்படிப் பேசி மாயவன் கேட்டதில்லை. நாலாவது சிரிப்பு எழுந்தபோது அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு இருட்டில் மகளின் தலையைத் தேடினார். விடுதிப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு மூலையில் இருந்தார்கள். எழில்மதி அங்கே இல்லை. செல்வியோடு முன்வரிசையில் இருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு தேன்பாறை வந்தது. கருப்பு மை பூசிய ஒரு சின்ன முதுகு, கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு பாறை இடுக்கில் கால் வைத்து விறுவிறு என்று ஏறியது.

“எங்கப்பா! அது எங்கப்பா!” என்று எழில்மதி எழுந்தே விட்டாள்.

“அங்கிள் சூப்பரு!” என்று அவளைவிடச் சத்தமாகச் செல்வி கத்தினாள். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பி மாயவனைப் பார்த்தன. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். திரையில் அந்த முதுகு திரும்பியது. முகம் சென்னைப் பையனுடையது.

காய்ச்சலில் கிடந்த ராஜாவுக்குத் தேன் எடுக்கப் போன சடையன் பாறையிலிருந்து விழுந்து சாகிறான். ராஜா ஓடிவந்து, தன் பட்டுச் சட்டையைக் கழற்றி அவன் உடம்பின் மேல் போட்டு, “நீ என்னைக்கும் என் தோழன்டா” என்று கதறுகிறான். அதோடு படம் முடிகிறது. விளக்கு போட்டபோது பாதிப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். செல்வி, எழில்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். எழில்மதியின் கண்ணில் ஒன்றும் இல்லை.

வெளியே புங்க மரத்தடியில் மாயவனுக்கு டீ கொடுத்தார்கள். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“யப்பா, சடையன் வூடு எது?”

“எந்த வூடு?”

“படத்துலதான். ராஜா வூட்டு மாடி, மாட்டுக்கொட்டா, பூசை ரூமு எல்லாத்தையும் காட்டனாங்க. இவன் எங்க தூங்குவான்?”

மாயவன் யோசித்துப் பார்த்தார். “காட்டலியே.”

“இவனுக்கு அம்மா இல்லியா? இவன் செத்ததுக்கு ராஜாவோட அம்மா வந்து அழுவுது. இவன் அம்மா ஏன் வரல?”

“சினிமாம்மா அது. எல்லாத்தையும் காட்டிக்கினு இருந்தா வுடிஞ்சிபூடும்.”

“நாம எந்த நாய சாமின்னு கூப்பிட்டோம்?”

அவர் டீயைக் குடித்தார். சூடு ஆறியிருந்தது.

அதற்குள் நிர்மலா டீச்சர் செல்வியைத் தோளில் அணைத்துக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை சுதந்திர தின விழாவில் கடைசிக் காட்சியை நாடகமாகப் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருந்தது. “செல்வி ராஜா, எழில் சடையன். நிஜமாவே சிநேகிதிங்க, அதுவும் சடையனோட அப்பா முன்னாடி! நீங்க கண்டிப்பா வரணுங்க. உங்களுக்குப் பொன்னாடை போத்தணும்னு எச்செம் சொல்லிட்டாரு.”

டீச்சர் போனதும் எழில்மதி செல்வியிடம், “நான் ராஜாவா இருக்கறன்டி. நீ சடையனா இரு” என்றாள்.

செல்வி சிரித்துவிட்டாள். “போடீ. உன்ன ராஜான்னா எவன் நம்புவான்?”

“ஏன் நம்ப மாட்டாங்க?”

“நீ நெஜமாவே மலைதானடி. உனக்குத்தான் கரெக்டா இருக்கும்.”

எந்த வார்த்தைக்காக ஒருத்தன் சட்டையைப் பிடித்தாளோ, அதே வார்த்தையைச் சொன்னோம் என்று செல்விக்குத் தெரியவில்லை. எழில்மதியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வீட்டில் இருக்கும் தன் பட்டுப் பாவாடையைக் கொண்டு வருவதாகவும், அதைத்தான் அவள்மேல் போடப்போவதாகவும், பிறகு அவளே அதை வைத்துக்கொள்ளலாம் என்றும் மூச்சுவிடாமல் சொன்னாள். “ஒரே ஒரு வாட்டிதான்டி கட்டனேன். உனக்குச் சூப்பரா இருக்கும்.”

வெள்ளிக்கிழமை மாயவன் மறுபடியும் இறங்கி வந்தார். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வெங்கடேசன் கையால் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “மலைக்காரங்கன்னாலே வெள்ளந்தி. சூதுவாது தெரியாது. நம்ம மாயவனும் அப்படித்தான்” என்று வெங்கடேசன் மைக்கில் சொன்னார். கைதட்டல் கேட்டது. மாயவன் கும்பிட்டார்.

நாடகத்துக்கு முன்பு மகளைப் பார்க்கலாம் என்று வகுப்பறைப் பக்கம் போனார். உள்ளே ஒரே கூச்சல். செல்வி தினமும் வெயிலில் சைக்கிள் மிதிக்கிற பெண். மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதலான கருப்பு. எழில்மதி அவளைவிட நல்ல வெளுப்பு. பெண்கள் செல்விக்கு அப்பு அப்பென்று பவுடர் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து எழில்மதியின் கன்னத்திலும் கையிலும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காதுகிட்ட வுட்டுட்ட பாருடி, வெள்ளையாத் தெரியுது.”

“ஆடாம நில்லு எழிலு. ரெண்டே நிமிசம், சடையனாயிடுவ.”

எழில்மதி கதவருகே நின்ற அப்பாவைப் பார்த்தாள். மாயவனுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை. பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பொன்னாடை தோளில் கிடக்கிறது, பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள், என்னவென்று சொல்வது? திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மேடையில் எழில்மதி தேன்குடுவையோடு வந்தாள். பாறை என்று வைத்திருந்த பெஞ்சின் மேல் ஏறினாள். அங்கிருந்து அவள் விழவேண்டும். விழவில்லை. மெதுவாக இறங்கி, மேடை நடுவில் நின்றாள்.

ஓரத்திலிருந்து நிர்மலா டீச்சர், “விழு, எழில்… படு, படு” என்று கையைக் காட்டினார். அவள் நின்றாள்.

“டேய், சடையன் சாவ மாட்டேங்கிறான்டா!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மொத்தக் கூட்டமும் சிரித்தது. “சாமீ, சீக்கிரம் சாவு சாமீ!” என்றான் இன்னொருவன். வெங்கடேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் திரும்பி மாயவனைப் பார்த்தார். ‘உங்க பொண்ணுதானே, சொல்லுங்க’ என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

மாயவன் எழுந்தார். “படும்மா” என்றார். “சும்மா நடிப்புதானே. ரெண்டு நிமிசம் படுத்துக்க, என் கண்ணு.”

எழில்மதி அவரையே பார்த்தாள். பிறகு குடுவையைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். செல்வி ஓடிவந்தாள். அவளுடைய அழுகை நடிப்பில்லை. நிஜமாகவே குரல் உடைந்தது. அரக்குநிறப் பட்டுப் பாவாடையை விரித்து, எழில்மதியின் கழுத்திலிருந்து கால்வரை மூடினாள். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது.

சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் விடுதிப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பினார்கள். பஸ் மலையேறத் தொடங்கியது. எழில்மதி முகத்தைக் கழுவியிருந்தாள், காதுமடல் பின்னால் கரி போகவில்லை. பாவாடை மடியில் ஒரு துணிப்பையில் இருந்தது. செல்வி விடாப்பிடியாகக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

“யப்பா, படத்துல செத்தவனாட்டம் படுத்தது நீயா?”

“இல்லம்மா. அதுல மூஞ்சி தெரியணுமே. அந்த மெட்ராஸ் பையன்தான் படுத்தான்.”

“அப்ப உன்ன யாரும் படுக்கச் சொல்லல.”

“சொல்லல.”

அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் எழில்மதியின் அம்மா செல்லியம்மாள் பையைத் திறந்து பாவாடையைப் பார்த்தாள். “பட்டாட்டம் இருக்குது! ஏது?” மாயவன் நடந்ததை நடந்தபடி சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பாவாடையைக் கையிலிருந்து போட்டுவிட்டாள். யாராவது இறந்தால் வேண்டியவர்கள் துணி எடுத்து வந்து உடம்பின் மேல் போடுவார்கள். அதற்குக் கோடி என்று பெயர். போட்ட துணியை யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

“உசுரோட இருக்கற பொண்ணு மேல கோடி போட்டிருக்கறாங்க. நீ சால்வைய மாட்டிக்கினு குந்திப் பாத்துக்கினு இருந்தியா?”

“கோடி இல்ல புள்ள. நாடகம்.”

“படுத்தாளா இல்லியா?”

“படுத்தா.”

“மேல துணி போட்டாங்களா இல்லியா?”

“போட்டாங்க.”

“அப்ப அதுக்கு வேற இன்னா பேரு? அதுவும் நீயே படுக்கச் சொல்லியிருக்கற!”

செல்லியம்மாள் பாவாடையை ஒரு குச்சியால் எடுத்து வெளியே வேலிமேல் போட்டாள். எழில்மதியின் தலையில் தண்ணீர் ஊற்றி, சுற்றிப்போட்டாள். மாயவன் வாசலில் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி போன் செய்தாள். மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டில் நின்று எழில்மதி பேசினாள். மாயவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“நாளைக்கி வந்துடுவ இல்ல? நாம நடிச்சத எங்கப்பா ஸ்டேட்டஸ்ல வெச்சிக்கிறாரு. எல்லாரும் எப்டிப் பாராட்டறாங்க தெரியுமா!”

“அந்தப் பாவாடைய அப்பாகிட்ட குடுத்தனுப்பறேன். நீயே வெச்சிக்க.”

“ஐயோ, வேணாம்டி. அது உனக்குத்தான்.”

“எனக்கு வேணாம் செல்வி. உன்னுதுதானே. வாங்கிக்க.”

செல்வி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்கம்மா திரும்ப வாங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. செத்தவங்களாட்டம் படுத்தவ மேல போட்டதாம். வூட்டுக்குள்ள வரக்கூடாதாம். நீ தப்பா நெனச்சிக்காதடி, அது பழைய காலத்து ஆளு.”

“உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிதான் இருக்குது.”

“இன்னாடி தெரிஞ்சிது?”

“ஒண்ணுமில்ல. வைக்கறேன்.”

திங்கட்கிழமை அவள் பையை எடுக்கவில்லை. மாயவன் கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டும் பார்த்தார். “இன்னாத்துக்கும்மா? யாராவது அடிச்சாங்களா? படிப்ப வுட்டுட்டு இன்னா பண்ணப்போற?” என்றார். “நீதானப்பா படுக்கச் சொன்ன” என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாயவன் மலைமேல் இருந்த உறைவிடப் பள்ளிக்கு நடந்தார். ஒன்பதாம் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது, அடுத்த ஜூனில் வாருங்கள் என்றார்கள்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை நிர்மலா டீச்சர் தம் கணவரின் பைக்கில் மலையேறி வந்தார். வளைவுகளில் மழை பிடித்து, முழுக்க நனைந்திருந்தார். செல்லியம்மாள் துண்டு கொடுத்தாள். டீச்சர் எழில்மதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

“யாராச்சும் திட்டினாங்களா? பேரைச் சொல்லு. நான் பாத்துக்கறேன்.”

“யாரும் திட்டல மிஸ். எல்லாரும் நல்லாத்தான் பேசனாங்க.”

“அப்புறம் என்னம்மா? செல்வி தினமும் உன் எடத்துல பைய வெச்சுட்டு, யாரையும் உக்கார விடமாட்டேங்கறா. அழுதுக்கிட்டே இருக்கா.”

எழில்மதி தலைகுனிந்திருந்தாள்.

“சரி, உனக்கு அந்த வேஷம் புடிக்கல. அவ்வளவுதானே? நாடகப் போட்டிக்கு இதத் திரும்பப் போடறப்ப மாத்திடலாம். நீயே ராஜாவா நடி.”

“அப்ப செல்வி சடையனா படுப்பாளா மிஸ்?”

நிர்மலா டீச்சர் வாயைத் திறந்தார். செல்வியை மேடையில் பிணமாகப் படுக்கவைத்து, அவள்மேல் மலைக்காரப் பெண் துணி போடுவதை வெங்கடேசன் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். துண்டால் மறுபடியும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது… கேட்டுப் பார்க்கலாம்” என்றார்.

“கேளுங்க மிஸ்” என்றாள் எழில்மதி.

டீச்சர் கிளம்பும்போது மாயவன் பைக்குக்குப் பின்னாலேயே கொஞ்சதூரம் நடந்தார். “கேப்பீங்களா டீச்சர்?” என்றார். “பாக்கறேங்க” என்றார் டீச்சர். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

காலாண்டுத் தேர்வை எழில்மதி எழுதவில்லை. டிசம்பர் முதல் வாரம் காப்பிப் பழம் பறிக்கக் குடகுக்கு ஆள் ஏற்றிப்போன வேனில் செல்லியம்மாளோடு அவளும் போனாள். ஜனவரியில் கள்ளக்குறிச்சியில் நடந்த பள்ளிகளுக்கு இடையிலான நாடகப் போட்டியில் ‘தேன்பாறைத் தோழன்’ இரண்டாம் பரிசு பெற்றது. ராஜாவாகச் செந்தமிழ்ச்செல்வி நடித்தாள். சடையனாக, விடுதியில் தங்கிப் படிக்கும் வேறொரு மலை மாணவி நடித்தாள்.